அழுவேன் என்று எழுதினால் தப்பு

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி போன வாரம் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மனநலப் பாடம். பத்துக்கு மூன்று. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். பிள்ளைகள் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று ஒரு பாடம் வைத்து, அதற்கும் பரீட்சை வைத்து, மார்க்கும் போட்டுவிட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

‘துக்கம் வந்தால் என்ன செய்வாய்?’ என்பது ஒரு கேள்வி. ‘அழுவேன்’ என்று எழுதியிருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் சரியான விடை: கண்ணை மூடிப் பத்து முறை மூச்சை இழுத்து விடுவேன். எட்டு வயசுப் பிள்ளை உள்ளதைச் சொன்னால் தப்பாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் அதற்கு அடுத்த கேள்வியை நான் கவனிக்கவே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். எங்கள் கணபதி ஏரியாவில் நான் படித்த அதே பள்ளிதான். அப்போது ஓட்டுக் கட்டடம். பக்கத்து லேத் பட்டறை ஓடும்போது டீச்சர் பேசுவது பாதிதான் கேட்கும். அதையே சாக்காக வைத்து நான் பல பாடங்களைத் தப்பித்திருக்கிறேன். இப்போது மூன்று மாடி. வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு. எல்லாம் இருந்தது, சாக்பீஸ் வாசம் மட்டும் இல்லை. அது இல்லாத வராண்டாவில் நின்றதும் எனக்கு ராஜாமணியக்கா ஞாபகம் வந்துவிட்டது.

ராஜாமணியக்கா எங்கள் பள்ளி ஆயா. மணி அடிப்பது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, பிள்ளைகள் வாந்தி எடுத்த இடத்தில் மண்ணைப் போட்டு அள்ளுவது எல்லாம் அவர்தான். அன்பே உருவானவர் என்று நினைத்துவிடாதீர்கள். எப்போதும் சிடுசிடுப்புதான். டீ குடிக்கும் நேரத்தில் குறுக்கே போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் வயிறு வலிக்கும். நடிப்பு இல்லை, நிஜமாகவே சுருட்டிப் பிடிக்கும். அன்றைக்குத்தான் வாய்ப்பாடு ஒப்பிப்பது. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், சரியாகச் சொன்னவர்கள் உட்காரலாம். கடைசியில் நிற்பது யாரோ, அவர் ஒண்ணாம் வகுப்புக்குப் போய் மணி அடிக்கும்வரை சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவே ஏறாது. இன்றைக்கும் காய்கறிக் கடையில் கணக்குப் போடப் போனைத்தான் எடுக்கிறேன். விடாமல் போய்ப் போய், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு இடம் பிடித்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது அவமானத்தில் காது கொதிக்கும். ஒரு குழந்தையை அப்படி நடக்கவிட யாருக்குத்தான் மனசு வந்ததோ!

ஒரு வெள்ளிக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராஜாமணியக்காவிடம் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார். நாலு வகுப்பு டஸ்டரையும் என் கையில் திணித்து, பின்பக்கத்து மதில் சுவரைக் காட்டினார்.

“செவுத்துல அடி அம்மணி. வலி போற வரைக்கும் அடி.”

அந்தச் சுவரில் எங்கள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு ஏற்கெனவே இருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் வந்து அடித்தார்களோ. நானும் அடித்தேன். மூக்கெல்லாம் சாக்பீஸ் தூள். ஏழேழு நாற்பத்தொன்பது என்று அடித்தேன், டீச்சர் பெயரைச் சொல்லி அடித்தேன், பாதியில் அழ ஆரம்பித்துவிட்டேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. டீயைக் குடித்து முடித்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

“உங்க டீச்சரும் முந்தாநேத்து இங்க வந்து அடிச்சுப்போட்டுத்தான் போச்சு. ஹெட்மாஸ்டர் என்னமோ சொல்லிப்போட்டாராமா.”

எங்கள் டீச்சருக்கும் அழுகை வரும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் மணி அடிக்கிற நேரம் வந்துவிட்டது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மொகத்தக் கழுவீட்டு வா, அப்பறம் அடிக்கறேன்” என்றார். அன்றைக்கு மணி இரண்டு நிமிடம் தாமதம். மணி பிந்துகிறது என்று ஹெட்மாஸ்டர் அடிக்கடி சத்தம் போடுவார். அக்கா ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை. பிள்ளைகளை வைத்து டஸ்டர் தட்டும் வேலையை முடித்துக்கொண்டாரோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. முடித்துக்கொண்டால்தான் என்ன?

அந்தச் சுவரைப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனேன். மஞ்சள் பெயிண்ட் அடித்து, வரிசையாகச் சிரிக்கும் முகங்களாக வரைந்திருந்தார்கள். ‘மகிழ்ச்சி மூலை’ என்று பெயர். முன்னால் ஒரு கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்டிருந்தார்கள்: சுவரைத் தொடாதீர்கள். வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன். செக்யூரிட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாழினியின் டீச்சர் சின்னப் பெண். தாராபுரத்துக்காரர், இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார். நான் விடைத்தாளை நீட்டிக் கத்தத் தயாராக நின்றேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் சந்தோஷத்தையும் சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும் என்றார். ஆன்சர் கீயில் இருப்பதற்குத்தான் மார்க் போட முடியுமாம். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நானா இருந்தாலும் அழுவேன்னுதானுங்க எழுதியிருப்பேன்.”

அவருக்குப் போய் அடிக்க ஒரு சுவர்கூட இல்லை. அவரோடு என்ன சண்டை போடுவது? எல்லாம் மேலே இருந்து வந்ததாம். மேலே இருக்கிறவர்கள் எந்தப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தேவலாம்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் விடைத்தாளை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் அந்த அடுத்த கேள்வியைப் பார்த்தேன். ‘துக்கத்தை யாரிடம் சொல்வாய்?’ கீழே கோடு காலியாக இருந்தது. இந்தத் தாளை அவள் கொண்டுவந்து நீட்டியபோது நான் முதலில் கேட்டது “மூணுதானா?” என்றுதான். பள்ளிக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று குதித்தேனே தவிர, இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இதுக்கு ஏன் கண்ணு எழுதல?” என்றேன்.

“ஆருகிட்டச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே இருந்தேம்மா. பெல் அடிச்சிருச்சு.”

நான் அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பள்ளியில் இப்போது மணி தானாக அடிக்கிறது. ராஜாமணியக்காவாக இருந்தால் இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் அடித்திருப்பார்.