புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் நான் குமாஸ்தா. மாமியார் வீடு திண்டிவனம். அங்கே மாற்றல் வாங்கச் சொல்லி இரண்டு வருஷமாகப் பெண்டாட்டி என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் எங்கள் துரை சீமைக்குக் கிளம்பினார். பிரிவு உபசாரத்துக்கு முழ நீளத்தில் ஒரு மர எஞ்சின் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஆசாரி செதுக்கித் தந்தார். வர்ணம் என் பொறுப்பு. துரை மனம் குளிர்ந்தால் என் மாற்றல் மனுவில் கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு நப்பாசை.

"வெள்ளி பெயிண்ட் ரெண்டு கோட்டு அட்ச்சி வுடுய்யா, ஜல்தியா முடிஞ்சிபூடும்" என்றார் ஹெட்கிளார்க். தினமும் எஞ்சின் முகத்தில் விழிக்கிற மனிதருக்கு இரும்பு என்ன நிறம் என்று தெரியவில்லை.

நான் வீட்டுக்குத் தூக்கிப்போய் இரும்பையே செய்தேன். மரத்தின் ரேகை மறையும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு பூசி, காய்ந்தபின் பென்சில் கரியைத் தூளாக்கி விரலால் தடவினேன். கறுப்புக்குள்ளிருந்து எஃகு எட்டிப் பார்த்தது. மேலே வார்னிஷ் அடித்தால் அந்த மினுக்கம் செத்துவிடும் என்பதால் அடிக்கவில்லை. குழாய்களுக்குப் பித்தளைப் பொடி, புகைபோக்கியில் புகைக்கரி, சக்கரங்களில் செங்கல் தூளால் துரு. மூன்று வாரம் கர்வத்தில் தரையில் கால் பாவவில்லை.

விழா அன்று காலை ரயிலில் மாமியார் வந்து இறங்கினார். நான் சவரம் செய்துகொண்டு திரும்புவதற்குள், கிணற்றடியில் என் எஞ்சின் மரமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. பக்கத்தில் புளியும் சாம்பலும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். மகளிடம் சொன்னார்: "தொரைக்குக் குடுக்கிற சாமானை இப்டியா துருப்புடிக்க வெச்சிக்கினு இருப்பாரு உன் வூட்டுக்காரரு? கனமே இல்லியா, தகரம்னு நெனச்சித் தேய்ச்சேன்டி."

ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹெட்கிளார்க் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பத்தே நிமிஷத்தில் வெள்ளி பெயிண்டை அப்பினார். சாயங்காலம் அது திருவிழாக் கடைப் பொம்மையாகப் பளபளத்தது. துரை வாங்கிப் பார்த்து, "அசல் எஞ்சினேதான்!" என்று பூரித்தார். விரலெல்லாம் வெள்ளி. அந்த விரல்களாலேயே என் மனுவில் கையெழுத்தும் போட்டார்.

திண்டிவனத்துக்குக் குடிவந்தோம். "நான் தேய்ச்சிக் குடுத்ததாலதான் தொரை மனசு எறங்கிச்சி" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் வேலைப்பாட்டைப் பார்த்து நிஜ உலோகம் என்று நம்பியவர் இந்த உலகத்தில் மாமியார் ஒருவர்தான்.