முப்பத்தொரு பட்டனும் ஒரு ஜெனரேட்டரும்

1. லேத் பட்டறை

"இன்னாமா இது, கேரம் போர்டா?"

பாட்டுக் கச்சேரி ட்ரூப்பில் சேரப் போன முதல் நாள் எட்வின் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ட்ரூப்பின் ஓனர் அவர். ரிதம் பேட் வாசிப்பவரும் அவரே. தண்டையார்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு லேத் பட்டறையில் ரிகர்சல். பழைய கீபோர்டுக்காரர் கப்பலில் வாசிக்க வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் நான் போயிருந்தேன்.

"கீபோர்டுண்ணா. நானே செஞ்சது."

"கட்ட எங்க? கருப்பு கட்ட, வெள்ள கட்ட ஒண்ணையும் காணோம்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் லோடுமேன். அம்மாவுக்கு பஸ் நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவள் என்பதால் யாராவது கேள்வி கேட்டால் விளக்கிச் சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது. அன்றும் விளக்கினேன். இப்போது என் பாலிடெக்னிக் ஜூனியர்கள் இரண்டு பேர் மேடை வேலைக்கு வருவதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்காக அதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

சாதாரண கீபோர்டில் ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச'வுக்குள் பன்னிரண்டு கட்டை. பாடுகிறவர் குரல் அந்தப் பன்னிரண்டில் மட்டும் நிற்பதில்லை. நடுவிலும் நிற்கும், நெளியும், வழுக்கும். எங்கள் அப்பா குளிக்கும்போது பாடுகிற பாட்டில் பாதி, இரண்டு கட்டைக்கு நடுவில்தான் விழும். அதை வாசிக்கக் கீபோர்டில் இடம் கிடையாது. அதனால் ஃபைனல் இயர் புராஜெக்டில் அதே இடைவெளியை முப்பத்தொன்றாகப் பிரித்தேன். வீடியோ கேம் மிஷினில் இருக்கும் வட்ட பட்டன்களை வாங்கினேன். காலடிப்பேட்டை தச்சர் ஒருவர் பிளைவுட்டில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். வெள்ளை, நீலம், மஞ்சள் என்று தேன்கூடு மாதிரி வரிசையாக அடுக்கினேன். பவர் பேங்கில் ஓடும். எந்தச் சுருதிக்குப் போனாலும் விரல் போகும் வழி ஒன்றுதான். கையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் போதும். வீடு மாறினாலும் பீரோவும் கட்டிலும் அதே மாதிரி போட்டுக்கொள்வது போல.

எட்வின் அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, வாசி" என்றார்.

எங்கள் பாடகர் பெயர் செல்வம். காசிமேட்டுக்காரர். வஞ்சிரம் தவிர வேறு மீனைத் தொடமாட்டேன் என்று ஒரு கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுந்து போனதால் 'வஞ்சிரம்' செல்வம். கானா பாடுவார். சுருதி அஞ்சு கட்டை. பாடும்போது வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். முன்னால் இருக்கும் ஸ்பீக்கர் இரைச்சல் காதில் அடிக்கக் கூடாது என்று பாதி உடம்பைத் திருப்பிக்கொண்டு, முதுகைச் சபைக்குக் கொடுத்த மாதிரி நிற்பார். அது அவர் ஸ்டைல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவர் ஒரு இழுப்பு இழுத்தார். கீபோர்டில் இல்லாத இடம். என் போர்டில் இருந்தது. தொட்டேன். அவர் நெளிந்தார். நானும் நெளிந்தேன். பாட்டு முடிந்ததும் காதிலிருந்து கையை எடுத்தார்.

"மொத தபா ஒரு பொட்டி நான் சொல்றத கேக்குது, நைனா" என்றார் எட்வின் அண்ணனிடம்.

எட்வின் அண்ணன் அவ்வளவு சுலபத்தில் மயங்குகிறவர் இல்லை.

"மூணு ஸ்டேஜ் பாக்கறேன். செட் ஆவலன்னா ஊருல எல்லாரும் வாசிக்கிற பொட்டிய வாசி. இத்த பரண் மேல போட்டுடு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். சாதாரணக் கீபோர்டு எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தப் பெட்டியை நான் செய்திருக்கிறேன் என்று எங்கள் தெருவில் அம்மா சொல்லாத வீடு கிடையாது.

2. ஈரம் புகுந்த மிஷின்

முதல் மேடை ராயபுரத்தில் ஒரு ரிசப்ஷன். ரிகர்சலில் தேனாக இருந்த பாட்டு. செல்வம் அண்ணன் வாயைத் திறந்தார், நான் பட்டனை அழுத்தினேன். இரண்டு ஸ்டேஷன் ஒரே ரேடியோவில் சேர்ந்து கேட்பது போல் இருந்தது. அடுத்த பாட்டும் அப்படியே. மூன்றாவது பாட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார்.

"பாப்பா, உன் மிஷின்ல ஈரம் பூந்துகீது. கொஞ்சம் வெயில்ல வச்சி எடு."

"ஈரமெல்லாம் இல்லீங்க."

"கடல் காத்துமா. எங்க வூட்டு மிக்ஸியும் இப்டிதான் கத்தும்."

இறங்கும்போது எட்வின் அண்ணன், "ஒண்ணு போச்சு" என்று ஒரு விரலை மடக்கினார்.

செல்வம் அண்ணன் என்னிடம் வந்தார். "நான் கரெக்டாதான் பாடுனேன். உன் பொட்டிக்கு ஜல்பு புடிச்சிகிச்சா?"

வீட்டுக்குப் போய் ட்யூனர் வைத்து ஒவ்வொரு பட்டனாகப் பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. சர்க்யூட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் எதுவும் இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "அதுக்கு இன்னாடி உடம்புக்கு?" என்றாள், ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்பது போல.

ஒன்று இப்போது புரிகிறது. பழைய கீபோர்டுக்காரர் காலத்திலும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் அவர் பெட்டி எல்லோரும் பார்த்த பெட்டி. அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். செல்வத்துக்கு இன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று சாப்பிடப் போய்விடுவார்கள். என் பெட்டி வந்ததும் குற்றவாளி கையோடு கிடைத்துவிட்டது.

3. எண்ணூரிலிருந்து பஸ்ஸில்

இரண்டாவது மேடை எண்ணூரில், முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. அங்கே சபையே பாட ஆரம்பித்துவிட்டதால் ஓரளவுக்குத் தப்பித்தோம். ஆனாலும் எட்வின் அண்ணன் இரண்டாவது விரலை மடக்கினார்.

இந்தமுறை நான் போனில் ரெக்கார்டு செய்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மடியில் போர்டை வைத்துக்கொண்டு, ஹெட்போனில் கேட்டேன். செல்வம் அண்ணன் முதல் பாட்டில் என்னைவிட ஒரு பட்டன் மேலே பாடியிருந்தார். இரண்டாவது பாட்டிலும் ஒரே ஒரு பட்டன் மேலே. மூன்றாவதிலும் அதே. சுருதி தவறுகிறவர் ஒரு நேரம் மேலே போவார், ஒரு நேரம் கீழே போவார். இவர் ஒழுங்காக, ஒரே அளவில் தவறியிருந்தார்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எட்வின் அண்ணன் மைக்கில் பேசாமல் தண்ணீர் குடித்த ஒரு இடம் வந்தது. அந்த மௌனத்தில் பின்னால் ஒரு சத்தம். ம்ம்ம்ம் என்று. வால்யூமைக் கூட்டினேன். போர்டில் தேடினேன். அஞ்சு கட்டைக்கு மேலே ஒரு பட்டன் தள்ளி, அச்சாக உட்கார்ந்தது.

ஜெனரேட்டர்.

கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது, அதனால் வரும் ஹம் அதன் இரண்டு மடங்கில், நூறில் கேட்கும் என்று எங்கள் வாத்தியார் பாடம் நடத்தியபோது பரீட்சைக்காக எழுதிவைத்துக்கொண்டேன். அஞ்சு கட்டையின் கீழ் 'ச' தொண்ணூற்றெட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் என் போர்டில் ஏறக்குறைய ஒரு பட்டன். லேத் பட்டறையில் இ.பி. கரண்ட், அங்கே ஜெனரேட்டர் இல்லை. மேடையில் செல்வம் அண்ணன் எங்கள் சத்தம் வரும் ஸ்பீக்கர் பக்கத்துக் காதைப் பொத்திக்கொள்கிறார். திறந்திருக்கும் காது மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டியைப் பார்த்து இருக்கிறது. மனிதர் தம்புராவோடு சேர்வது போல அதோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

சந்தோஷத்தில் பஸ்ஸிலேயே அந்த பட்டனை இன்னும் சத்தமாக அழுத்தினேன். கண்டக்டர் வந்து, "எம்மா, பாம் கீம் இல்லியே?" என்றார்.

மறுநாள் ரிகர்சலில் செல்வம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணா, நீங்க நல்லாதான் பாடறீங்க. ஆனா ஜெனரேட்டர் கூட பாடறீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாது? நான் இன்னா டீசல்லயா ஓடறேன்?"

"அது இல்லண்ணா, ஹம் வந்து நூறு ஹெர்ட்ஸ்ல..."

"தோ பாரு பாப்பா. நீ படிச்ச பொண்ணு. நான் எட்டு வயசுலேர்ந்து சாவு வூட்ல, கண்ணால வூட்ல பாடிகினு கீறன். என்னாண்ட வந்து டபாய்க்காத." கோபத்தோடு போய் டீ குடித்தார். எனக்கும் சேர்த்து ஒரு டீ அனுப்பினார். கோபம் கோபம்தான், டீ டீதான்.

4. திருவொற்றியூர்

மூன்றாவது மேடை திருவொற்றியூரில், தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் ரிசப்ஷன். நான் முதலில் போனது மேடைக்குப் பின்னால். வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். ஜெனரேட்டர் பக்கத்தில் காதை வைத்து நான் 'ம்ம்ம்' என்று பாடுவதைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"இன்னா பாப்பா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல பாய். சுருதி பாக்கறேன்."

"வண்டிக்கா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "நல்லா கீதா?" என்றார்.

ஒரு பட்டன் மேலே. அப்படியே இருந்தது. எட்வின் அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் மேடை ஏறி, கையை ஒரு பட்டன் தள்ளி வைத்துக்கொண்டேன். விரல்கள் போகும் வழி ஒன்றுதானே. எங்கள் ட்ரூப்பில் சுருதி உள்ள கருவி என்னுடையது மட்டும்தான். மற்றதெல்லாம் தாளம். அதனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

செல்வம் அண்ணன் பாடினார். பால்பாயசம். முன்வரிசைப் பெண்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆட எழுந்தார்கள். எட்வின் அண்ணன் பேடை அடித்தபடியே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் பந்தியில் ஐஸ்கிரீம் பெட்டியைப் போட்டார்கள். வீடியோக்காரர் இரண்டு பெரிய லைட்டைப் போட்டார். லோடு ஏறியதும் ஜெனரேட்டர் கொஞ்சம் முக்கியது. ஹம் ஒரு பட்டன் இறங்கியது. பாட்டின் நடுவிலேயே செல்வம் அண்ணனும் கூடவே இறங்கினார். நானும் இறங்கினேன். தோசைக்கல் ஸ்டால்காரர் ஃபேனைப் போட்டார். மறுபடி முக்கல். இன்னொரு பட்டன். மூன்று பேரும் ஒன்றாக இறங்கியதால் சபைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"இன்னாமா, நண்டு மாதிரி ஓடிகினு கீற?" என்றார் எட்வின் அண்ணன், பல்லைக் கடித்தபடி.

"அப்பால சொல்றேண்ணா."

கடைசிக்கு முந்திய பாட்டில் தாளம் எல்லாம் நின்று, செல்வம் அண்ணன் தனியாக ஒரு நீண்ட இழுப்பு இழுக்கிற இடம் ஒன்று உண்டு. நானும் அங்கே கையை எடுத்துவிடுவேன். கண்ணை மூடி, காதைப் பொத்தி, அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். சாயங்காலத்திலிருந்து போயிருந்த இ.பி. கரண்ட் அந்த நேரம் பார்த்து வந்தது. காதர் பாய் சுவிட்சை இ.பி. பக்கம் திருப்பினார். கண் இமைக்கும் நேரம் இருட்டு. லைட் வந்தது, மைக் வந்தது. பாய் ஜெனரேட்டரை அணைத்தார்.

செல்வம் அண்ணன் குரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. வாய் திறந்திருக்க, காதிலிருந்து கையை எடுத்து, மெதுவாகத் திரும்பி, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லாமல் இறங்கிப் போனால் பார்ப்போமே, அப்படி. எட்வின் அண்ணன் அவரைப் பார்த்தார். அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தார். அப்புறம் என் கை இருந்த இடத்தைப் பார்த்தார்.

ஜெனரேட்டர் விட்டுப்போன இடம் எனக்குத் தெரியும். அந்த பட்டனை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டேன். செல்வம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. விட்ட இடத்திலிருந்து இழுப்பைப் பிடித்து, மேலே ஏற்றி, பத்திரமாக இறக்கி வைத்தார். சபைக்கு அது பெரிய சங்கதியாகத் தெரிந்திருக்கிறது. திரும்பிப் பார்த்ததையும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

இறங்கியதும் எட்வின் அண்ணன் பேட் குச்சிகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். பிறகு, மடக்கி வைத்திருந்த இரண்டு விரலையும் பிரித்தார்.

"பொட்டி இருக்கட்டும்" என்றார். செல்வம் அண்ணனிடம் திரும்பி, "ஏன் மாமு, இத்தினி வருசம் உனக்கு சுருதி போட்டது நம்ம பாயா?" என்றார்.

செல்வம் அண்ணன் அசரவில்லை. "அவுரு மேல ஒரு நம்பிக்க. உங்க ஆளுங்க யாராச்சும் அது மாதிரி வுடாம ஒரே சுருதில நின்னீங்களா?"

5. ஜூனியர்களுக்கு

நான் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த நாளில் ஒரு தடவை மேடைக்குப் பின்னால் போய் நின்று கேட்டிருந்தால் இரண்டாவது மேடையாவது மிஞ்சியிருக்கும். கருவி செய்யக் கற்றுக்கொண்ட அளவுக்கு நான் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. முப்பத்தொரு இடத்தில் வாசிக்க முடியும் என்பது பாதி வேலைதான். பாடுகிறவர் எதைக் கேட்டுப் பாடுகிறார் என்று கண்டுபிடிப்பது மீதி. அது எப்போதும் நீங்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஃபிரிட்ஜாக இருக்கலாம். வரும் மாதம் நாங்கள் வாசிக்கப் போகும் ஒரு வீட்டில் அக்வேரியம் மோட்டார் ஓடுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

செல்வம் அண்ணன் இப்போது காதைப் பொத்துவதில்லை. ஆனால் புக்கிங்குக்கு யாராவது போன் செய்தால், "ஜெனரேட்டர் யாருது?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி கொடுக்கிறார். காதர் பாய் மேடை தொடங்கும் முன் என்னைக் கூப்பிட்டு, "கேளு பாப்பா, ஏத்தணுமா எறக்கணுமா?" என்று ஆக்சிலரேட்டரில் கை வைத்தபடி நிற்கிறார். ஐஸ்கிரீம்காரர் பாட்டு நடுவில் பெட்டியைப் போட வந்தால் அவரே தடுத்துவிடுகிறார்.

போன வாரம் நிகழ்ச்சி முடிவில் எட்வின் அண்ணன் மைக்கில் எல்லோர் பெயரையும் சொன்னார். கீபோர்டு கௌசல்யா என்றபோது எனக்கு ஒரு விசில் விழுந்தது. அடுத்து, சுருதி காதர் பாய் என்றார். பந்தலே எழுந்து நின்றது.