ஐப்பசி ஞாயிற்றின் ஊமை ஆட்டம்

செல்லத்தாய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தது எழுபத்து நான்கில். அதே நாளில், அதே பெஞ்சில் உட்கார்ந்து சேர்ந்தவள் தங்கப்பொண்ணு. காதில் ஹெட்செட், வாயில் யாருக்கோ சொல்லும் நம்பர். பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் கையும் கண்ணும்தான். சூப்பர்வைசர் வருகிறார், தலை வலிக்கிறது, டீ வேண்டும் என்று எல்லாமே சைகை. அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான் ஊமை ஆட்டம். சீட்டுகளில் ஊர்ப் பெயர்களை எழுதி டப்பாவில் போடுவார்கள். எடுத்தவர் வாய் திறக்காமல் நடித்துக் காட்ட, அவர் கட்சிக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தீபாவளி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வில்லாபுரத்தில் செல்லத்தாய் குடியிருந்த வாடகை வீட்டில் நாலைந்து குடும்பங்கள் கூடி இதை ஆடுவார்கள். மிச்சமிருக்கும் முறுக்கும் அதிரசமும் அன்றோடு காலி. பிறகு எல்லோருக்கும் சாப்பாடு. ஐந்து வருஷம் ஒரு தடங்கலுமில்லாமல் நடந்தது.

எண்பத்து மூன்றில், அந்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, தூறலில் நனைந்தபடி அவள் கணவன் தவசியின் அண்ணன் வெள்ளைத்துரை வந்து நின்றார். பின்னாலேயே அவர் மனைவி அழகம்மாள், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு.

“கண்ணு மங்கலாத் தெரியுது தாயி. நாளைக்குக் கண்ணாஸ்பத்திரி போகணும். ராத்திரி இங்கனதான் படுக்கை” என்றார்.

“வாங்க மாமா, வாங்கக்கா” என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் செல்லத்தாய்.

வெள்ளைத்துரை கெட்டவர் இல்லை. தவசியைப் படிக்க வைத்ததே அவர்தான். சமயநல்லூருக்கு மேற்கே இருக்கும் அவர் ஊரில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் நான்கு வருஷத்துக்கு முன்னால் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், பந்தியில் உட்கார்ந்திருந்த வேன் டிரைவர் எந்தத் தெருக்காரன் என்று தெரிந்ததும், பாதி இலையில் அவனை எழுப்பி வெளியே அனுப்பியதும் அவர்தான். அன்று செல்லத்தாய் சோற்று வாளியோடு அந்த இலைக்கு நேரே நின்றிருந்தாள். ஒன்றும் பேசாமல் அடுத்த இலைக்கு நகர்ந்து போனாள். தங்கப்பொண்ணும் அந்த டிரைவரின் சனம்தான்.

தவசி அவளை அடுப்படிக்குள் அழைத்து, குரலைத் தாழ்த்தினான்.

“தங்கப்பொண்ணுகிட்ட பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிரு. அடுத்த வாரம் வச்சுக்கலாம்னு சொல்லு.”

“மத்தவுகளுக்கு?”

“மத்தவுக வரட்டும்.”

அவன் சொன்னதில் இருந்த கேவலம் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். சுவரைப் பார்த்தபடி நின்றான். செல்லத்தாய்க்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை மருந்துக் கடையில் போன் உண்டு. தங்கப்பொண்ணுக்கு நாலு மணி வரை டியூட்டி. குடையை எடுத்துக்கொண்டு போய், சூப்பர்வைசர் மேஜை நம்பரைச் சுழற்றினாள். தங்கப்பொண்ணு வந்து போனை எடுத்தாள்.

“பிள்ளைக்கு லேசாக் காய்ச்சலா இருக்கு...” என்று ஆரம்பித்தாள்.

“எம்புட்டு நாளா? காலையில டியூட்டி மாத்தும்போது பார்த்தப்ப ஒண்ணும் சொல்லலையே.”

ஒரு நாளைக்கு நூறு பேர் பொய்யையும் நிஜத்தையும் காதில் வாங்குகிறவளிடம் பொய் சொல்ல வந்துவிட்டோமே என்று செல்லத்தாய்க்குக் கூசியது.

“ஊர்லருந்து யாரும் வந்திருக்காகளா?” என்றாள் தங்கப்பொண்ணு. குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“அவுக அண்ணன்.”

“சரி. நான் வரட்டுமா வேணாமா? நீ சொல்லு. நானா நின்னுக்கிட்டேன்னு பின்னால நீ நெனச்சுக்கக் கூடாது.”

மருந்துக் கடைக்காரர் இருமல் மருந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். செல்லத்தாய் ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

“வா” என்றாள். “உன் வீட்டுக்கார அண்ணனையும் கூட்டிட்டு வா.”

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குத் திரும்பிய பிறகு எதுவும் ஓடவில்லை. உப்பைப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் குழம்பை இரண்டு தரம் ருசி பார்த்தாள். தவசியிடம், “வரச் சொல்லிட்டேன்” என்று மட்டும் சொன்னாள். அவன் பாயை உதறி விரித்தான்.

ஆறு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். தங்கப்பொண்ணு அரக்குச் சேலையில், அவள் கணவன் சின்னக்கருப்பன் சலவைச் சட்டையில். அவர் கார்ப்பரேஷன் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைத்துரை அவருக்குப் பாயில் இடம் விட்டு உட்கார்ந்து, முதல் கேள்வியாக, செல்லத்தாய் பயந்துகொண்டிருந்ததையே கேட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“டி. கல்லுப்பட்டிப் பக்கம்.”

“கல்லுப்பட்டியில எனக்கு ஆளுக உண்டே. எந்தத் தெரு?”

“தெரு இல்லைங்கய்யா. காலனி” என்றார் சின்னக்கருப்பன், மணி கேட்டால் சொல்வது போல.

வெள்ளைத்துரை தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, காற்று வரவில்லை என்று எழுந்து, வாசல் பக்கம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். செல்லத்தாய் முறுக்குத் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஆட்டத்தை ஆரம்பித்து வைத்தது அழகம்மாள்தான். “என்னமோ ஆடுவீகன்னு சொன்னாரே கொழுந்தன், ஆடுங்களேன்” என்றாள். பிள்ளைகள் கத்தத் தொடங்க, ஆட்டம் சூடு பிடித்தது. தவசி தும்பிக்கை ஆட்டி யானைமலையைக் காட்டினான். சின்னக்கருப்பன் இல்லாத தண்ணீரில் நீச்சலடித்து, தெப்பக்குளத்தைக் காட்டி மூச்சு வாங்கினார். பிள்ளைகள் வெள்ளைத்துரையையும் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்கள்.

அவர் சீட்டை எடுத்துப் பிரித்து, தூர வைத்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை. அப்படி யாருக்கும் தெரியாவிட்டால், டப்பா வைத்திருப்பவர் காதில் படித்துச் சொல்வதுதான் வழக்கம். டப்பா தங்கப்பொண்ணு மடியில் இருந்தது.

அவள் எழுந்து பக்கத்தில் போனாள். ஒரு முழத் தூரத்தில் நின்றுவிட்டாள். நான் படிக்கிறேன் என்று வாய் வரை வந்ததைச் செல்லத்தாய் அடக்கிக்கொண்டாள். வெள்ளைத்துரை தம்பியைப் பார்த்தார், பிறகு தலையைச் சாய்த்தார். காதைக் கொடுத்தாரா, முகத்தைத்தான் திருப்பிக்கொண்டாரா என்று செல்லத்தாய்க்கு விளங்கவில்லை. தங்கப்பொண்ணு குனிந்து ஒரு வார்த்தை சொன்னாள்.

அவர் யோசித்தார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். காற்றில் மூன்று முடிச்சுப் போட்டார்.

“திருமங்கலம்” என்றாள் அழகம்மாள் உடனே. அவள் எதிர்க்கட்சி, சொல்லவே கூடாது. வீடே சிரித்தது. வெள்ளைத்துரையும் சிரித்துவிட்டார். ‘தப்பிச்சோம்’ என்று மூச்சு விட்டாள் செல்லத்தாய்.

இலை போட்டபோது அவர், “வயிறு சரியில்லை தாயி” என்று எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மழையோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அங்கே ஓட்டல் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வரிசையில் சின்னக்கருப்பன் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

செல்லத்தாய் சோற்று வாளியை எடுத்தாள். முதலில் சின்னக்கருப்பன் இலைக்குப் போனாள். பிறகு தங்கப்பொண்ணுக்குப் போட்டாள். அவள் பக்கத்து இலை காலியாக இருந்தது. அழகம்மாள் வாசலையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்து அந்த இலையில் உட்கார்ந்து, “எனக்குக் கொஞ்சமாப் போடு” என்றாள்.

மறுநாள் கண்ணாஸ்பத்திரி வரிசையில் வெள்ளைத்துரை வாய் திறந்தார்.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்ல.”

“நீங்க வாரது எனக்குத் தெரியாது மாமா” என்றாள் செல்லத்தாய். கொஞ்சம் பொறுத்து, “தெரிஞ்சாலும் அவ வருவா” என்றாள். அவர் பெயரைக் கூப்பிட்டபோது கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். மறுக்காமல் வந்தார்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவளே அவர் ஊருக்குப் போனாள். வயலில் நின்றவரிடம், “தீபாவளி கழிஞ்ச ஞாயித்துக்கிழமை தங்கப்பொண்ணு வீட்டுலயும் வாராக. நீங்களும் வந்தா சந்தோசம்” என்றாள். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த இரண்டு வாக்கியத்தையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தாள். அவர் ஆபரேஷன் செய்த கண்ணால் அவளை நேராகப் பார்த்து, “நெல்லுக்கு மருந்தடிக்கணும் தாயி” என்றார்.

அந்த ஞாயிறு மதியம் அழகம்மாள் மட்டும் தனியாகப் பஸ் ஏறி வந்து இறங்கினாள்.