பட்டு அறையில் கொழுத்த மூஞ்சூறு

மைசூர் மண்டி மொஹல்லாவில் மாதேசன் என்பவரின் பட்டுச் சேலைக் கடை. மாடியில் ஸ்டாக் ரூம். அங்கே மடித்து வைத்த சேலைகளில் ஓட்டை விழுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ராமாபுரத்துக்காரன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மைசூருக்கு வந்து, இன்னொருவரிடம் மருந்து டேங்க் சுமந்து, பிறகு சொந்தமாகப் பெஸ்ட் கன்ட்ரோல் சர்வீஸ் தொடங்கி முப்பது வருஷமாக நடத்துகிறேன். எம்.எஸ்ஸி. படித்த பையன்களே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவார்கள். அப்படிப்பட்ட நான் தப்புச் செய்த கேஸ் இது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.

அறைக்குள் நுழைந்ததுமே மூஞ்சூறு நாற்றம் அடித்தது. மூலையில் ஒரு தூக்குப்போசி இருந்தது. பத்தொன்பது வருஷமாக அங்கே சேலை மடிக்கும் ரத்னம்மாவின் மதியச் சாப்பாடு. நான் டார்ச்சைக்கூட வெளியில் எடுக்கவில்லை.

“முதலாளி, இங்கயே சாப்பிடறாங்க. சிந்தற சோத்துக்கு மூஞ்சூறு வருது. வந்தது சேலையையும் கடிச்சு வெக்குது,” என்றேன்.

மாதேசன் கொள்ளேகால் பக்கம். குரலை உயர்த்தாமலே பேசுவார். “ஏம்மா, உன்ற தூக்குப்போசிக்கு எத்தன சேலை போச்சு பாத்தியா? நீ ஊட்டுல இரு. வேணும்னா கூப்படறேன்.”

“நான் ஒரு பருக்கை சிந்தறதில்லைங்க,” என்றார் ரத்னம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க கீழ குனிஞ்சு பாத்தீங்களாண்ணா?” என்று கேட்டார்.

நான் குனியாமலே பையைத் திறந்தேன். அவர் கணவர் படுத்த படுக்கை, வீட்டுக்கு அவர் சம்பளம் ஒன்றுதான் என்று கடைக்காரர்கள் பிறகு சொன்னார்கள். மூஞ்சூறு ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை, அதுதான் க்ளூ போர்டு, நான்கு வைத்துவிட்டு வந்தேன். அறையைப் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் மாதேசன் திறப்பார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். அன்று காலையில்தான் ஒரு மூஞ்சூறு ஒட்டியிருந்தது. உயிர் இருந்தது, நல்ல கொழுப்பு. புதிதாக இன்னும் மூன்று சேலைகளில் ஓட்டை.

“புடிச்சிட்டீங்களே,” என்றார் மாதேசன். எனக்கு அந்தக் கொழுப்பு இடித்தது.

காரணம் சொல்கிறேன். மூஞ்சூறு பால் குடித்து வளரும் சாதி, சூடான ரத்தம். அந்தச் சூட்டைக் காப்பாற்ற நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் பட்டினி கிடந்தால் செத்துவிடும். முதுகெலும்பு இல்லாத கூட்டத்தின் கணக்கே வேறு. நத்தை ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கோடை முழுக்கத் தூங்கும். தேள் ஒரு கரப்பானைத் தின்றுவிட்டு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். மண்புழு பசி தாங்கும், காய்ந்த தரையைத் தாங்காது. கரப்பான் பசை, சோப்பு எதையும் விடாது. ஆனால் பட்டையே சோறாகத் தின்று செரிக்கிறது ஒரு சின்ன வண்டின் புழு.

ரத்னம்மா இல்லை, சோறும் இல்லை. பட்டைத் தின்று மூஞ்சூறு பிழைக்காது. பின் எதைத் தின்று கொழுத்தது?

அப்போதுதான் குனிந்தேன். மூஞ்சூறின் புழுக்கையை வெள்ளைக் காகிதத்தில் வைத்து உடைத்தேன். பூச்சிகளின் ஓட்டுத் துண்டும் காலும் மட்டும் பளபளத்தன. ஒரு நூல் இழை இல்லை. சேலை மடிப்பைப் பிரித்தால் உள்ளே அரை அரிசி நீளத்தில் ரோமப் புழுக்கள், அவை உரித்துப் போட்ட தோல்கள். மூஞ்சூறு கொழுத்தது இவற்றைத் தின்றுதான். லட்சுமி படத்துக்குக் கீழே இருந்த சேலை அடுக்கில்தான் அதிகம். அதன்மேல் குண்டலுபேட்டை செண்டுமல்லி மாலை காய்ந்து கிடந்தது. காகிதத்தின் மேல் உதறினேன். கடுகளவில் நான்கு புள்ளி வண்டுகள் விழுந்தன. வளர்ந்த வண்டுக்குப் பூவின் மகரந்தம்தான் சாப்பாடு. முட்டை மட்டும் பட்டில் வைக்கும்.

“முதலாளி, இந்தப் பூவை எப்ப எடுப்பீங்க?”

“அடுத்த வெள்ளிக்கெழம புதுப்பூ வெச்சுட்டுத்தான் எடுக்கோணும். சரக்கு மேல பூ இல்லாம இருக்கப்படாதுங்க. எங்கப்பன் காலத்துப் பழக்கம்.”

“வண்டு இதுலதான் வருது.”

“சாமிக்கு வெச்ச பூவுலயா?”

“பூவுலதான் வரும். தூக்குப்போசியில வராது. அன்னிக்கு நான் சொன்னது தப்பு.”

அவர் காகிதத்தில் ஊர்ந்த வண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அத எங்கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது? அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. நானும் வர்றேன்.”

மூஞ்சூறுக்குச் சமையல் எண்ணெய் தடவிப் பிரித்துப் பின்சந்தில் விட்டேன். இரண்டு பேரும் ரத்னம்மா வீட்டு வாசலுக்குப் போனோம். வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி, விட்டுப்போன இரண்டு வாரச் சம்பளமும் தருவதாக மாதேசன் சொன்னார். நான் என் தப்பைச் சொன்னேன். ரத்னம்மா முழுக்கக் கேட்டார்.

“இப்பவாவது குனிஞ்சீங்களேண்ணா,” என்றார். மறுநாள் வேலைக்கு வந்து, தூக்குப்போசியை அதே மூலையில் வைத்தார்.

இப்போது மாதேசன் பூவைத் தட்டில் வைத்துப் படத்துக்கு முன்னால் காட்டி, அன்று மாலையே எடுத்துவிடுகிறார். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முழங்காலை மடக்குகிறேன், பிறகுதான் வாயைத் திறக்கிறேன். மைசூரில் இதிலும் என்னை மிஞ்ச ஆள் இல்லை.