நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் அளவுகோல். வெயில் கொளுத்துகிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால், எத்தனை டிகிரி என்று கேட்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? இருபத்தாறு வருடமாக இந்த அழும்பை அவர் மனைவி சிரித்தே சமாளித்து வந்தாள்.

பின்தெருவில் குளிர்பதனக் கிடங்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. காதுக்குள் ஏதோ உறுமுகிறது, நெஞ்சுக்கூடே அதிர்கிறது என்றாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் உதட்டைப் பிதுக்கினார்கள். அவளுடைய அண்ணன், நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்று நச்சரித்தார். ரிப்பேர்க்காரருக்கும் கேட்கவில்லைதான். ஆனாலும் அவர் ஒருவர் மட்டும் அவள் பக்கம் நின்றார்.

“உனக்குக் கேக்குதுன்னா இருக்கும். நான் அளந்து காட்டறேன்” என்றார்.

கடையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பும் ஹெட்செட் மைக்கும் வீட்டுக்கு வந்தன. மைக்கை ஜன்னல் கம்பியில் கட்டி மூன்று வாரம் விடாமல் பதிவு செய்தார். பதிவைக் கனத்த அடிச்சத்தம் இடது ஓரம், கீச்சுச் சத்தம் வலது ஓரம் என்று பிரித்துத் திரையில் கோடாகப் போட்டார். ஸ்கூட்டர், குழாயடிச் சண்டை, நாய்க் குரைப்பு எல்லாம் தனித்தனி மேடாக எழுந்து நின்றன. அவள் சொன்ன உறுமல் இருக்க வேண்டிய இடது ஓரத்தில் மட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சந்தேகம் தீர, கடையிலிருந்து அதே ரகத்தில் இன்னொரு மைக் கொண்டுவந்து மாட்டினார். அதே கோடு.

கோடு பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. பெண்டாட்டி சொன்னாள் என்பதைவிடத் திரை காட்டியது என்பது எப்பேர்ப்பட்ட புத்திசாலிக்கும் சுலபமாக இறங்கிவிடுகிறது. லேப்டாப்பைத் தூக்கிப்போய் அவள் முன்னால் வைத்தார்.

“ஒண்ணுமே இல்லம்மா. நீயே பாரு.”

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அண்ணனோடு டாக்டரிடம் போனாள். மாத்திரை வந்தது. அதன் பிறகு சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். உறுமலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தங்கை குணமாகிவிட்டாள் என்று மைத்துனருக்கு ஒரே சந்தோஷம். ரிப்பேர்க்காரருக்கு மட்டும் வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு கிட்டார்க்காரர் அதே ரக மைக்கைக் கடையில் திருப்பிக் கொடுக்க வந்தார். தடித்த கம்பியின் சத்தம் பதிவாகவே மாட்டேனென்கிறது என்றார். இவர் குனிந்த தலை நிமிராமல், வழக்கமாக ஒப்பிக்கும் பாட்டை ஒப்பித்தார்.

“இது பேச்சுக்கான மைக் சார். நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற அடிச்சத்தத்தை வாங்காது. அட்டையிலயே போட்டிருக்கும்.”

சொல்லி முடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை வருடமாக எத்தனை பேரிடம் சொன்ன வாசகம்! ஜன்னலில் கட்டிய அன்று மட்டும் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? கேட்கவே தெரியாத மைக்கைக் கொண்டுவந்து, கேட்டவளை அல்லவா அவர் பொய்யாக்கியிருந்தார்.

இந்த முறை மைக்கையே அவர் தொடவில்லை. அதிர்வு இருந்தால் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னலோரம் தட்டில் தண்ணீர் வைத்து, அதில் பட்ட வெயில் சுவரில் விழும்படி செய்தார். அந்த வெளிச்சத்தை ஒரு வெப்கேமராவும், கிடங்கின் மோட்டாரோடு சேர்ந்து சுழலும் விசிறியை இன்னொன்றும் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு பகலில் மோட்டார் நாற்பத்தொரு தடவை ஓடியது. நாற்பத்தொரு தடவையும் சுவரில் வெளிச்சம் நடுங்கியது, மோட்டார் நின்றதும் அடங்கியது.

மனைவியைக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். வீடியோவை ஓட்டினார்.

“நீ சொன்னதுதாம்மா நிஜம். தப்பு என்னோடது.”

அவள் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தாள். அவருக்காக ஜன்னல் பக்கம் காதைக்கூடச் சாய்த்தாள். பிறகு அவர் தோளில் கை வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. அப்பவே அளந்து பாத்துட்டீங்களே. உங்களுக்குத்தான் ஏதோ தோணுது. அடுத்த தடவை நீங்களும் என்கூட டாக்டர்கிட்ட வாங்க.”

சொல்லிவிட்டு, மாத்திரைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து உள்ளே போனாள்.