பூமாவின் சொம்பு

இது எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

1952, மாசி மாதம். சாமராஜநகர் பக்கம் ஒரு குன்றில் கைவிட்ட செம்புச் சுரங்கம் இருந்தது. ஆதியில் யார் குடைந்தார்களோ தெரியாது. பிறகு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஆழமாகத் தோண்டி, முதல் யுத்தத்துக்குப் பின் செம்பு விலை விழுந்ததும் மூடிவிட்டுப் போனதாகக் கேள்வி. மறுபடி திறக்கலாமா என்று பார்க்க, ஒரு மைசூர் முதலாளி என்னையும் என் சிநேகிதன் பாச்சுவையும் கல் எடுத்துவர அனுப்பினார். காவல்காரர் பசவராஜ் எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

சுவரெல்லாம் பச்சை. தேய்க்காத பித்தளையில் பூக்குமே களிம்பு, அது விரற்கடை கனத்துக்கு. நடுநடுவே பொன் போல மின்னும் மஞ்சள் தாதுக்கல். கீழே தேங்கிய நீர் மயில்துத்த நீலம். இரும்புச் சுத்தியலை அதில் போட்டு எடுத்தேன். மேலே செம்பு படிந்திருந்தது.

"அதைக் குடிச்சா குடல் வெந்துடும்டா," என்றான் பாச்சு.

மூன்று மணிக்குச் சுரங்க வாய் சரிந்தது. விளக்கு அணைந்தது. ஆள் கூட்டிவரப் போவதாகப் பசவராஜ் கத்தியது லேசாகக் கேட்டது. குடிக்க எங்களிடம் ஒரே சொம்புத் தண்ணீர். என் மனைவி பூமாவின் சீர்ச் சொம்பு. கழுத்தில் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

"அண்ணாந்து குடி. எச்சப் பண்ணினே, கொன்னுடுவேன்."

"போடா மாராயா! உங்காத்துல மட்டும்தான் மடி வழியறது," என்று பாச்சு ஒரு வாய் குடித்துவிட்டு எதிர்ச்சுவர்ப் பக்கம் போய்ச் சாய்ந்தான்.

நானும் ஒரு வாய் குடித்தேன். நேரம் போயிற்று...

ஒரு கை என் முழங்கையைத் தட்டியது. சில்லென்றிருந்தது. சொம்பைக் கொடுத்தேன்.

சுர்ர்ர்... சுர்ர்ர்...

உதடு வைத்து உறிஞ்சும் சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

சொம்பு திரும்பி வந்தது. விளிம்பெல்லாம் வழவழவென்று ஈரம்.

"வாய் வெச்சாடா உறிஞ்சறே? தூ!"

எதிர்ச்சுவரிலிருந்து பதில் வந்தது. "நானா? நீதானேடா உறிஞ்சிண்டிருக்கே? எனக்கும் குடு..."

தொண்டை காய்ந்தது. அண்ணாந்து சாய்த்தேன். தண்ணீர் வரவில்லை. கொழகொழவென்று ஏதோ... நூலாக இழுபட்டு... நாக்கில் விழுந்தது. களிம்பு நாற்றம். அதற்குள் கெட்டியாக ஒன்று.

துப்பினேன். விரலால் தடவினேன்.

பல்.

மறுபடி ஒரு கை தட்டியது.

இந்தத் தடவை இரண்டு பக்கமும்...

மறுநாள் காலை வழி திறந்தார்கள். நான் சொம்பை நெஞ்சோடு அணைத்துக் கிடந்தேனாம்; பாச்சு பிறகு சொன்னான்.

வீட்டில் பூமா அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"இது என் சொம்பே இல்லையே!"

கழுத்தில், கன்னட எழுத்தில், 'மாதேவி'.

பசவராஜிடம் கொண்டுபோனேன். அவர் கை நீட்டவில்லை.

"எங்க அத்தை, சாமி," என்றார் கன்னடத்தில். "வேலையாளுங்களுக்குத் தண்ணி கொண்டுபோவாள். கூரை இடிஞ்சுது. உள்ளே பதினோரு பேர். கம்பெனி அவங்களைத் தோண்டி எடுக்கலை. வாசலை அடைச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்க கிட்ட இருந்ததும் ஒரே சொம்புத் தண்ணிதான்."

விலை விழுந்ததெல்லாம் பிறகு கட்டிய கதை.

எத்தனை கொப்பளித்தும் அந்தக் களிம்பு ருசி என் வாயை விட்டுப் போகவில்லை.

பூமாவின் சொம்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நான் கொடுத்தபோது அதில் முக்கால் தண்ணீர் இருந்தது.