கோமதி டீச்சரின் சொற்களும் என் பொறாமையும்

கோமதி டீச்சர் மறைந்த செய்தி வந்தபோது நான் இலஞ்சி விலக்கில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கணவர் சங்கரன் பேசினார். "அண்ணாச்சி, கோமதி போயிட்டா. காலைல எட்டு மணிக்கு" என்றார். நோய் முற்றிவிட்டது எனக்கும் தெரியும். இருந்தாலும் வந்த பேருந்தில் ஏறத் தோன்றாமல் அடுத்ததற்கும் அங்கேயே நின்றேன்.

வீரகேரளம்புதூரில் தெரு கொள்ளாத கூட்டம். அவரிடம் புவியியல் படித்தவர்கள், வடகரையிலிருந்து வேன் பிடித்து வந்த விவசாயிகள், மழைமானி வைத்திருக்கும் பெண்கள் குழு. கூட்டத்தைப் பார்த்ததும், என் சாவுக்கு இதில் பாதியாவது வருமா என்று மனம் கணக்குப் போட்டது. அஞ்சலிக் கட்டுரையில் எழுதக்கூடாத வாக்கியம்தான். ஆனால் அவரை அறிந்த உங்களிடம் அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால், எழுதியது எதுவும் உண்மையாக இருக்காது. பதினோரு வருடம் நான் அவருடன் வேலை செய்தேன். பதினோரு வருடமும் அவர்மேல் பொறாமைப்பட்டேன்.

நான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளன். அவர் பள்ளி ஆசிரியர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். காலநிலை மாற்றம் பற்றிய சொற்களுக்குத் தமிழில் அகராதி தயாரிக்க ஒரு தொண்டு நிறுவனம் குற்றாலத்தில் மூன்று நாள் பயிலரங்கு நடத்தியபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். சாரல் காலம். இடைவேளை விட்டதும் எல்லோரும் துண்டோடு அருவிக்கு ஓடினார்கள். டீச்சர் மட்டும் தலை நனைந்தால் தும்மல் வரும் என்று சொல்லி, வறுத்த கடலையை உடைத்துத் தின்றுகொண்டு சொல் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். மேசை முழுக்கத் தொலி.

புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்குத் 'தணிப்பு', வந்துவிட்ட மாற்றத்தோடு வாழப் பழகுவதற்குத் 'தகவமைப்பு' என்று நான் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வாசித்தேன். கூட்டத்தில் இருந்த விவசாயி ஒருவர் இரண்டும் ஒன்றுதானே என்றார். நான் மறுபடியும் வாசித்தேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். டீச்சர் கடலையைக் கீழே வைத்தார்.

"காய்ச்சல் அடிக்கி. மாத்திரை போட்டுச் சூட்ட எறக்குதோம்லா, அது தணிப்பு. எறங்குத வரைக்கும் கஞ்சி குடிச்சு, போத்திக்கிட்டு, வேலைய மாத்திவச்சு நாளக் கடத்துதோம்லா, அது தகவமைப்பு. ரெண்டும் வேணும். மாத்திரையே போடாமப் போர்வைய மட்டும் வாங்கிக்கிட்டே இருக்க முடியாது."

விவசாயி தலையாட்டினார். என் இரண்டு பக்கங்களை மடித்துப் பையில் வைத்தேன். அன்று மாலை எல்லோரும் அவரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தனியாக அருவிக்குப் போய், பிடரி வலிக்கும்வரை தண்ணீருக்கடியில் நின்றேன்.

வடகரையில் நடந்ததை உங்களில் சிலர் வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே மழையில் வாழையும் நெல்லும் அழிந்த வருடம் அது. டெல்லியிலிருந்து வந்த ஓர் அதிகாரி விவசாயிகளிடம் ஆங்கிலத்தில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். காலநிலையால் ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் உலக அளவில் ஒரு நிதி உருவாகிறது என்றார் அவர். நான் 'இழப்பீட்டு நிதி' என்றேன். கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்ததால், அடுத்த முறையும் இழப்பீடு என்றே சொன்னேன்.

மறுவாரம் நாற்பது ஐம்பது பேர் பட்டா நகலும் வாழைத்தோட்டப் புகைப்படமுமாகத் தாலுகா அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். அப்படி ஒரு மனுவே கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். இழப்பீடு என்றால் யாரோ பொறுப்பேற்கிறார்கள் என்று பொருள். பணக்கார நாடுகள் அந்தப் பொறுப்பை ஏற்கவே மாட்டோம் என்று சண்டை போட்டு, அதற்காகவே தேர்ந்தெடுத்த சொற்கள் இழப்பும் சேதமும். ஒரு சொல்லில் நான் அவர்களுக்கு இல்லாத உரிமையைக் கொடுத்துவிட்டேன்.

அவர்களைச் சந்திக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டீச்சர்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "சொல்லு தப்பாப் போச்சுய்யா. எங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு. சொல்லு பட்டியல் எழுதும்போது நானும்தான் கூட இருந்தேன்" என்றார். பட்டியலில் அந்தச் சொல்லே கிடையாது, நான் அதைச் சொன்ன கூட்டத்துக்கு அவர் வரவும் இல்லை. பிறகு, கிணற்று மோட்டார் மூழ்கினால் அது சேதம், சரிசெய்துவிடலாம், மேல்மண் அடித்துப் போனால் அது இழப்பு, திரும்பாது என்று விளக்கினார். இது இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், என்றைக்காவது கேட்பார்கள் என்றார். கோபத்தோடு வந்தவர்கள் எழுதி வைக்க அவரிடம் நோட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு நன்றி வரவில்லை. என் தப்பில்கூட அவர்தான் பெயர் வாங்குகிறார் என்று வீடு திரும்பும்வரை பொருமிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெளிநாட்டில் நடக்கும் காலநிலை மாநாட்டுக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அனுப்ப அந்த நிறுவனம் முடிவு செய்தது. டீச்சரின் பெயர் முன்னால் இருந்தது. மூத்தவன் என்ற முறையில் என்னிடம் இரகசியமாகக் கருத்துக் கேட்டார்கள். 'சொல்லறிவு மிக்கவர். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவார். பெரிய சபையில் தடுமாறக்கூடும்' என்று எழுதினேன். மூன்று வாக்கியங்களில் பொய் எதுவும் இல்லை. என்னை அனுப்பினார்கள்.

அங்கே நான் உட்கார்ந்திருந்தது இராமேசுவரத்திலிருந்து வந்திருந்த ஒரு மீனவப் பெண்ணின் பக்கத்தில். உடன்படிக்கை வரைவில் முடிவாகாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். ஒரே இடத்தில் 'ஷல்', 'ஷுட்' என்று இரண்டு ஆங்கிலச் சொற்கள், இரண்டையும் நான் 'வேண்டும்' என்றே சொன்னேன். இரண்டும் ஒன்றென்றால் இத்தனை நாட்டுக்காரர்களும் காலையிலிருந்து எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டார். வெளியே வந்து வீரகேரளம்புதூருக்குப் போன் போட்டேன். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மொதச் சொல்லுக்குச் 'செய்தாக வேண்டும்'னு சொல்லுங்க அண்ணாச்சி. ரெண்டாவதுக்குச் 'செய்தால் நல்லது'ன்னு சொல்லுங்க. மொதச் சொல்லு நின்னுட்டா, செய்யாதவனக் கேள்வி கேக்கலாம். ரெண்டாவது நின்னா, கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

உள்ளே போய் அப்படியே சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க சொன்னாத்தான் புரியுது என்றார். யார் சொன்னது என்பதை நான் சொல்லவில்லை.

போன மாதம் டீச்சரைத் தென்காசி மருத்துவமனையில் பார்த்தேன். கட்டிலருகே உட்கார்ந்து, நிறுவனத்துக்கு எழுதிய அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும். என்னய ஏன் அனுப்பலைன்னு கேட்டேன், கடுதாசியவே அனுப்பிட்டாங்க. நீங்க கெளம்புறதுக்கு முந்தியே வந்துட்டு."

"அப்போ அன்னைக்குப் போன எடுத்தீங்களே டீச்சர்?"

"ஒங்களுக்காக எடுக்கல அண்ணாச்சி. அங்கன ஒக்காந்து என்ன தப்பாச் சொல்லுதாரோன்னு பயந்து எடுத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கோவம் இன்னும் இருக்கு. அதச் சொல்லாம அனுப்ப மாட்டேன்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தன் வாய்ப்பை வெட்டிய ஆளுக்கே சரியான சொல்லை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு ஒருவர் சொல்லை மதிக்க முடியும் என்றால், எனக்கு அது கிடையாது என்று தெரிந்தது. அப்போதும் எழுந்தது பொறாமைதான், ஆனால் அதில் முதல்முறையாக வெட்கமும் இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது, அகராதியின் அவருடைய பிரதியைச் சங்கரன் என் கையில் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. என் சொற்களில் பலவற்றை அடித்திருந்தார், சிலவற்றின் பக்கத்தில் 'யாருக்குப் புரியும்' என்றிருந்தது. கடல்மட்டம் ஏறுவதும் மண் உவராவதும் போல, புயலைப் போலத் திடீரென்று வராமல் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. அதற்கு 'ஊர்ந்து வரும் கேடு' என்று நான் வைத்திருந்தேன். பயிலரங்கில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானே மறந்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து டீச்சர் எழுதியிருந்தார்: 'அண்ணாச்சி சொல். எனக்கு ஏன் தோணல? பொறாமையா இருக்கு.'

புத்தகத்தை நான் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும் என்றார் சங்கரன். நான் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருடைய மாணவர்களுக்கு அவர் பாடம் இருக்கிறது, வடகரைக்காரர்களுக்கு அந்த நோட்டுகள் இருக்கின்றன. கோமதி டீச்சரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தப் பக்கம் மட்டும்தான்.